பிரவுசரின் தோற்றத்தைக் கேட்காமல் மாற்றுவது சரியா?

கோபி நெட் சென்டர்:
பட்டா, வருமானச் சான்றிதழ் எடுக்க வருகிறவர்களை நம்பித்தான் என் கடை. முன்பெல்லாம் இறங்கிய பிடிஎஃப் பிரவுசரின் அடியில் ஒரு பட்டையில் வந்து, நாமாக மூடும்வரை அங்கேயே இருக்கும். அதை அமுக்கிப் பிரிண்ட் கொடுத்துவிடலாம். இப்போது மேலே வலது மூலையில் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்துவிடுகிறது. “ஏனுங்க, இன்னும் இறங்கலீங்களா?” என்று திரும்பத் திரும்ப அமுக்குகிறார்கள். ஒரே பட்டா ஏழெட்டுத் தடவை இறங்கிக் கிடக்கிறது. யாரைக் கேட்டு மாற்றினார்கள்?

திருப்பூர் டெவலப்பர்:
அண்ணா, அந்தப் பட்டை திரையின் உயரத்தைத் தின்றதுங்க. சின்ன லேப்டாப்பில் அது பெரிய இடம். எந்த மாற்றம் வந்தாலும் முதலில் எதிர்ப்புதான். 2011-இல் ஃபயர்பாக்ஸ் 4, டேப்களை முகவரிப் பட்டைக்கு மேலே ஏற்றியபோதும் திட்டினார்கள். இன்று கீழே வை என்று யார் கேட்கிறார்கள்?

ஈரோட்டுக்காரன்:
நான் கேட்கிறேன் தம்பி. டேப்களைக் கீழே வைக்க ஒரு நீட்சி, அதாவது பிரவுசரில் கூடுதலாகச் சேர்க்கும் சின்ன நிரல், போட்டிருந்தேன். 2017 நவம்பரில் வந்த ஃபயர்பாக்ஸ் 57 பழைய வகை நீட்சிகள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. இப்போது ஃபயர்பாக்ஸின் தோற்றத்தை மாற்ற உதவும் யூசர்குரோம் என்ற கோப்பில் நானே சிஎஸ்எஸ் (தோற்றத்தை வரையறுக்கும் நிரல்வரிகள்) எழுதி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். சத்தம் அடங்கியதை வைத்து எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று கணக்குப் போடாதீர்கள்.

திருப்பூர் டெவலப்பர்:
சரிங்க, பூட்டுப் படத்துக்கு என்ன சொல்வீர்கள்? 2023 செப்டம்பரில் குரோம் 117 அதை முகவரிப் பட்டையிலிருந்து எடுத்தது. இணைப்பில் போகும் தகவலை நடுவில் யாரும் படிக்க முடியாது என்பதற்கு மட்டும்தான் அந்தப் பூட்டு. தளம் நேர்மையானதா என்று அது சொல்லாது. போலி வங்கித் தளத்திலும் பூட்டு இருக்கும். கூகுளின் 2021 ஆய்வில் அதன் பொருளைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் 11 சதவீதம் பேர்தான். பழகிவிட்டது என்பதற்காக அதை விட்டுவைக்க வேண்டுமா?

கோபி நெட் சென்டர்:
எடுத்தது நியாயம்தான் தம்பி. ஆனால் “பூட்டு இருக்கா பாருங்க, அப்புறம் பாஸ்வேர்டு போடுங்க” என்று பல வருஷம் சொல்லித்தானே ஊரைப் பழக்கினோம்? இனி எதைப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பெரியவர்களுக்கு யார் சொன்னார்கள்? முகவரியை எழுத்தெழுத்தாகப் படிக்க இப்போது நான்தான் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிறேன்.

ஈரோட்டுக்காரன்:
2021-இல் ஐபோன் சஃபாரியில் முகவரிப் பட்டையைக் கீழே இறக்கினார்கள். பீட்டாவிலேயே, அதாவது சோதனைப் பதிப்பிலேயே, எதிர்ப்பு கிளம்பியது. வெளியிடும்போது, வேண்டுமென்றால் மேலேயே வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வழியும் கொடுத்தார்கள். இதனால் யார் குடி கெட்டது?

திருப்பூர் டெவலப்பர்:
பழையது, புதியது இரண்டையும் வைத்தால் ஒவ்வொரு வெளியீட்டிலும் இரண்டையும் சோதிக்க வேண்டும்ங்க. பிழை திருத்துகிற ஆட்களின் நேரம் அதிலேயே போய்விடும். அண்ணா, கண்ட்ரோலும் ஜேயும் சேர்த்து அமுக்கினால் இறங்கியது எல்லாம் பட்டியலாக வருமே?

கோபி நெட் சென்டர்:
எனக்குத் தெரியும் தம்பி. வருகிறவர்களுக்கு மவுஸ் பிடிப்பதே புதுசு, கண்ட்ரோல் எங்கே என்று தேடுவார்கள். அமுக்க வேண்டியது கண்ணெதிரே நிற்க வேண்டும். நூறு புது வசதியைச் சோதிக்க ஆள் இருக்கிறதல்லவா? அந்த அடிப்பட்டையையும் செட்டிங்ஸில் ஓர் ஓரமாக வைக்கட்டும். வேண்டாதவர்கள் அணைத்துக்கொள்ளட்டும்.