மீல் பிளான்: பெருசா எடுக்கணுமா, சிறுசே போதுமா?

புதுவரவு:
அடுத்த மாசம் முதல் வருஷம் சேரப் போறேன். ரெசிடென்ஸ் ஹால்ல ரூம் கிடைச்சாச்சு. ரூம்ல சமைக்க வழியில்லை, மாடிக்கு ஒரு மைக்ரோவேவ், அவ்வளவுதான். சாப்பாட்டுக்கு முன்கூட்டியே காசு கட்டற மீல் பிளான் எடுத்தே ஆகணும். எதுங்கறது மட்டும் நம்ம இஷ்டம். நாலு இருக்கு: அன்லிமிடெட், வாரம் 14 ஸ்வைப் (கார்டை ஒரு தடவை தேய்ச்சா ஒரு சாப்பாடு), வாரம் 10 ஸ்வைப், அப்புறம் 15 வார செமஸ்டர் முழுக்க மொத்தமா 150 ஸ்வைப் தர்ற பிளாக் பிளான். வாரக் கணக்குல மிச்சமாறது ஞாயித்துக்கிழமை ராத்திரியோட காலி. வீட்ல "சாப்பாட்டுல கஞ்சம் பிடிக்காதே, பெருசையே எடு"ங்கறாங்க. ஒரு சீனியர் "பெருசு எடுத்தவன் எல்லாம் ஏமாளி"ங்கறார். யார் பேச்சைக் கேக்கறது?

கணக்குப்பிள்ளை:
சீனியர் பேச்சை. வார்த்தைதான் கொஞ்சம் கடுமை, விஷயம் சரி.

இந்த விலையை எப்படிப் போடறாங்கன்னு தெரிஞ்சா பாதிக் குழப்பம் தீர்ந்துடும். 100 பேர் வாரம் 14 பிளான் எடுத்தா 1400 சாப்பாட்டுக்கு யாரும் உலை வைக்கறதில்லை. போன வருஷம் எத்தனை ஸ்வைப் விழலைங்கறது அவங்க கம்ப்யூட்டர்ல இருக்கும். அந்த வராத சாப்பாட்டைக் கழிச்சுட்டுத்தான் விலையே நிக்கும். தொழில்ல அதுக்கு "மிஸ்டு மீல் ஃபேக்டர்"னு பேரும் உண்டு. ஆக, வந்து சாப்பிடறவனுக்கு வராதவன் மொய் எழுதறான்.

முதல் வருஷத்துல காலை 8 மணி கிளாஸுக்கு முன்னாடி எழுந்து போய் சாப்பிடுவேன்னு நினைக்கறீங்களா? எல்லாரும் நினைக்கறாங்க. காலைச் சாப்பாட்டைக் கழிச்சுட்டுப் பாருங்க. வாரத்துல 14 வேளை மிச்சம். அதுலயும் சனி, ஞாயிறு வெளியே போவீங்க, லேப் முடிஞ்சு வந்தா கவுண்டர் மூடியிருக்கும். 10 தாராளம்.

பந்தி_முந்து:
அப்போ வந்து சாப்பிடற ஆளா இருந்துட்டுப் போங்களேன், மொய் உங்களுக்கு வரும்! கணக்குப்பிள்ளை சொன்னதே என் கட்சிக்குத்தான் சாதகம். வராதவங்க காசுல விலை குறையுதுன்னா, அந்த லாபத்தை முழுசா அள்ளறவன் அன்லிமிடெட் எடுத்துட்டு மூணு வேளையும் போறவன்தான்.

இன்னொண்ணு, சராசரி விலையைப் பாத்து ஏமாறாதீங்க. 10-ல இருந்து 14-க்குப் போக எவ்வளவு கூடக் கட்டணும்னு பாருங்க. அதை 60-ஆல வகுங்க (வாரம் 4, 15 வாரம்). அந்த 60 சாப்பாடு முதல் 150-ஐ விட மலிவா விழும், பெரும்பாலான இடத்துல. கட்டடம், சமையல்காரர் சம்பளம், கரண்ட் பில் எல்லாத்தையும் ஏற்கெனவே சின்ன பிளான் தலையிலயே ஏத்தியாச்சு. இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ்ல சில காலேஜ் இதை ஒளிக்காம தனி ஐட்டமாவே பில்லுல போடும், "கிச்சன் ஃபிக்ஸ்டு சார்ஜ்"னு. ஒரு பருக்கை தொடலைன்னாலும் டெர்முக்கு டெர்ம் கட்டணும். சாப்பிட்டதுக்கு அப்புறம் தனிக் காசு. உங்க பிளான்லயும் அந்த சார்ஜ் இருக்கு, கண்ணுக்குத் தெரியலை, அவ்வளவுதான். அதைக் கட்டிட்டு சாப்பிடாம இருக்கறதுதான் ஏமாளித்தனம்.

கணக்குப்பிள்ளை:
60-ஆல வகுக்கறது அந்த 60-ஐயும் சாப்பிட்டாத்தான் செல்லும். 30 மட்டும் சாப்பிட்டா ஒரு சாப்பாடு ரெட்டிப்பு விலை. மலிவுங்கறதுக்காக வாங்கி விட்டு வைக்கறது என்ன லாபம்?

புதுவரவு, ஒண்ணு கவனிச்சீங்களா? வாரம் 10, 15 வாரம், மொத்தம் 150. பிளாக் பிளானும் 150. எண்ணிக்கை ஒண்ணுதான். ஒண்ணுல ஞாயித்துக்கிழமை ராத்திரி பேனா எடுத்து அடிச்சுடுவாங்க, இன்னொண்ணுல செமஸ்டர் முடிவுவரை உங்க கையில இருக்கும். ரெண்டுக்கும் விலை எவ்வளவு வித்தியாசம்னு பாருங்க. அமெரிக்காவுல லாஸ் ஏஞ்சலஸ்ல இருக்கற யுசிஎல்ஏ பல்கலை இதையே ரெண்டு வகையா விக்குது. ரெகுலர்னா வாரக் கடைசியில மிச்சம் போச்சு, பிரீமியர்னா குவார்ட்டர் (அங்கே செமஸ்டர் மாதிரி ஒரு பருவம்) முடியற வரைக்கும் அடுத்தடுத்த வாரத்துக்கு நகரும், விலையும் கூட. மிச்சத்தைத் தக்க வெச்சுக்கற உரிமைக்கே தனி விலை இருக்குன்னா, அது இல்லாத பிளான்ல யாருக்கு லாபம்னு நீங்களே யோசிங்க.

கவுண்டர்_பக்கம்:
நான் டைனிங் ஹால் வாசல்ல கார்டு ஸ்வைப் பண்ற பார்ட் டைம் வேலை பாக்கறேன், ரெண்டு கட்சிக்காரங்களையும் தினம் பாக்கறேன். பிளாக் பிளான் புகழ் பாடறவங்க ஒண்ணை விட்டுடறீங்க. மொத்தமா கையில கிடைச்சா மொத்தமாத்தான் கரையும். செமஸ்டர் தொடக்கத்துல பசங்க வாரம் 14 தடவை வர்றாங்க, நடுவுல பக்கத்து ஹால் ஃபிரெண்டுக்கும் ஒரு ஸ்வைப். 150-ஐ 14-ஆல வகுங்க. 11-வது வாரத்துலயே கார்டு சிவப்பு காட்டும். பரீட்சை அதுக்கப்புறம்தான். அப்போ மெஷின் "பீப்"னு அடிச்சதும் பின்னாடி வரிசையைத் திரும்பிப் பாத்துட்டு, "சரி, அப்புறம் வர்றேன்"னு நழுவறவங்க முகத்தைப் பாக்கவே சங்கடமா இருக்கும்.

வாரம் 14 கூட்டம் வேற மாதிரி. ஞாயித்துக்கிழமை சாயந்திரம் திடீர்னு ஒரு படை. பசிச்சு வர்ற படை இல்லை, மிச்ச ஸ்வைப்பைத் தீர்க்க வர்ற படை. ஒருத்தன் ஒரே மணி நேரத்துல ரெண்டு தடவை வந்தான், எங்க இடத்துல ரெண்டு ஸ்வைப்புக்கு நடுவுல இவ்வளவு நேரம்னு விதி இருக்கறதால திருப்பி அனுப்பினேன். கார்டுல கொஞ்சம் காசா ஏத்தித் தர்ற பிளான் இருக்கே, அந்தக் கூட்டத்தை செமஸ்டர் கடைசி வாரம் ஹால் கீழே இருக்கற கடையில பாக்கணும். மிச்சக் காசைத் தீர்க்க தண்ணி பாட்டில் பெட்டி பெட்டியா தூக்கிட்டுப் போவாங்க, குழாயில நல்ல தண்ணி வர்ற ஊர்ல.

பந்தி_முந்து:
இந்தக் கூத்து எதுவும் அன்லிமிடெட்ல கிடையாது பாருங்க. எண்ணவே வேண்டாம். பத்து நிமிஷம் இருக்கா, உள்ளே போ, சூடா ஒரு கப் குடி, வா. ஸ்வைப் எண்ணறவன் அதைப் பண்ண மாட்டான், "ஒரு ஸ்வைப் வீணாப் போகுமே"ன்னு ரூம்லயே கிடப்பான். முதல் செமஸ்டர்ல ரூம்ல கிடக்கறதுதான் ஆபத்து. ரூம்மேட்டோட ஒத்து வரலைன்னு வைங்க, போய் உக்கார இடம் எது? லைப்ரரியில பேச முடியாது. டைனிங் ஹால்ல தட்டோட ஒரு மேஜையில உக்காந்தா யாராவது எதிர்ல வந்து உக்காருவாங்க. எனக்கு செட்டு சேந்ததே அந்த மேஜையிலதான். அதுக்கு கணக்குப்பிள்ளை நோட்டுல எந்தக் கட்டம்?

கணக்குப்பிள்ளை:
நட்புக்கு நுழைவுக் கட்டணம்னு ஒரு கட்டம் போட்டுடலாம். 😄

விளையாட்டு போகட்டும். அந்த வாதத்துல அர்த்தம் இருக்கு, மறுக்கலை. ஆனா அது முதல் ஆறு வாரத்து வாதம், நீங்க 15 வாரத்துக்குக் காசு கட்டறீங்க. செட்டு சேந்தப்புறம் அதே செட்டுதான் உங்களை வெளியே இழுத்துட்டுப் போகும்.

அடுப்படி:
மொத்த விவாதமும் எனக்கு வேடிக்கையா இருக்கு. ஜெர்மனியில படிக்கறேன். இங்கே பிளானே கிடையாது. ஸ்டூடியரன்டன்வெர்க்னு மாணவர் நல அமைப்பு மென்ஸா, அதாவது மாணவர் கேன்டீன், நடத்துது, போறோம், சாப்பிட்டதுக்குக் காசு கொடுக்கறோம், வர்றோம். போகலைன்னா ஒண்ணும் இல்லை. ஹாஸ்டல்ல பொதுக் கிச்சன், ராத்திரி நாமளே சமைச்சுக்கலாம். பிரிட்டன்லயும் கேட்டர்டு ஹால் (சாப்பாடு தர்றது), செல்ஃப் கேட்டர்டு ஹால் (நாமளே சமைக்கறது)னு சேரும்போதே பிரிச்சுக் கேப்பாங்க. ஏன் இந்த பிளான் தொல்லையைச் சகிச்சுக்கறீங்க? சமைக்கக் கத்துக்கறதை விட்டுட்டு ஸ்வைப்பை எண்ணிட்டு உக்காந்திருக்கீங்க.

பந்தி_முந்து:
அவர்தான் மைக்ரோவேவ் மட்டும்தான்னு முதல் வரியிலயே சொல்லிட்டாரே. இல்லாத அடுப்புக்கு எப்படிங்க பாத்திரம் வைக்கறது?

கவுண்டர்_பக்கம்:
அதோட, ரூம்ல கள்ளத்தனமா ஹாட் பிளேட் வெச்சு மாட்டிக்கிட்டவங்க கதை நிறைய. ஸ்மோக் அலாரம் அடிச்சு ராத்திரி ரெண்டு மணிக்கு மொத்த ஹாலும் ரோட்டுல நின்னதுண்டு. அந்த யோசனை மட்டும் வேண்டாம்.

அடுப்படி:
ஹாட் பிளேட் வைன்னு நான் சொல்லவே இல்லையே. கிச்சன் இருக்கற ஹாலுக்கு மாத்தக் கேட்டுப் பாருங்கன்னுதான் சொல்றேன். முதல் வருஷம் முடியாட்டி ரெண்டாம் வருஷம். பல இடத்துல கிச்சன் உள்ள அபார்ட்மென்ட் மாதிரி ஹாலுக்குப் போனா பிளான் கட்டாயமே இல்லை.

லேபிள்_படிப்பவள்:
எல்லாரும் காசைப் பத்தியே பேசறீங்க. எனக்கு நட்ஸ் அலர்ஜி. எனக்கு எத்தனை ஸ்வைப்புங்கறது ரெண்டாவது கேள்விதான், அங்கே போய் நான் எதையாவது தைரியமா சாப்பிட முடியுமாங்கறதுதான் முதல் கேள்வி. பஃபேல ஒரே கரண்டி ரெண்டு பாத்திரத்துக்குள்ள போய் வர்றதை நின்னு பாத்திருக்கேன். அதுக்கப்புறம் லேபிள்ல என்ன எழுதியிருந்தா என்ன?

கட்டாய பிளான்னா, "எனக்கு ஒத்துக்காததுக்கு நான் ஏன் காசு கட்டணும்"னு கேக்கற உரிமை சில நாட்டுல சட்டப்படியே இருக்கு. அமெரிக்காவுல 2012 டிசம்பர்ல நீதித்துறையும் மாசசூசெட்ஸ்ல இருக்கற லெஸ்லி பல்கலைக்கழகமும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தாங்க. கட்டாய பிளான்ல இருந்த, கோதுமைல இருக்கற குளூட்டன் ஒத்துக்காத சீலியாக் நோயாளிகளும் அலர்ஜிக்காரங்களும் பாதுகாப்பா சாப்பிட முடியலைங்கறதுதான் புகார். பல்கலை அவங்களுக்குத் தனியா சமைச்சுத் தரணும், முன்கூட்டியே ஆர்டர் பண்ண விடணும், நஷ்ட ஈடும் தரணும்னு முடிஞ்சது. அதனால அலர்ஜியோ சீலியாக்கோ இருக்கறவங்க எந்த பிளான்னு பாக்கறதுக்கு முன்னாடி டாக்டர் கடிதத்தோட மாற்றுத்திறனாளி சேவை அலுவலகத்துக்கு எழுதுங்க. டைனிங் ஆபீஸுக்கு மட்டும் எழுதினா "எங்க கிட்ட லேபிள் இருக்கு"ன்னு ஒரு வரி பதில் வரும், அதோட சரி.

புதுவரவு:
நன்றி அக்கா. எனக்கு அலர்ஜி எதுவும் இல்லை, ஆனா ரூம்மேட்டுக்கு இருக்கு, அவனுக்கு இதை அனுப்பறேன்.

டைம்டேபிள் இன்னிக்குத்தான் வந்தது. திங்கள், புதன், வெள்ளி 8 மணிக்கு கிளாஸ். செவ்வாய், வியாழன் மதியம் 1 முதல் 4 வரை லேப், லேப் கட்டடம் டைனிங் ஹால்ல இருந்து 20 நிமிஷ நடை. டைனிங் ஹால் மதியச் சாப்பாடு 2 மணிக்கு மூடிடும்.

கணக்குப்பிள்ளை:
இதைத்தான் முதல்லயே கேட்டிருக்கணும். 8 மணி கிளாஸ் நாள்ல காலைச் சாப்பாடு போச்சு. லேப் நாள்ல 12:30-க்குள்ள முடிச்சுட்டு ஓடணும். 12 மணிவரை வேற கிளாஸ் இருந்தா மதியமும் போச்சு. வாரம் 21 வேளையில அஞ்சு வரைக்கும் இப்பவே அடிபடலாம், சனி ஞாயிறைத் தொடலை.

பந்தி_முந்து:
போச்சுன்னு ஏன் சொல்றீங்க? டேக் அவே டப்பா தர்றாங்களான்னு கேளுங்க. எங்க இடத்துல திருப்பிக் கொடுக்கற டப்பா உண்டு, காலையிலயே மதியத்துக்கும் நிரப்பிட்டு லேப்புக்குப் போலாம். அந்த ஒரு வசதி இருந்தா மேல உள்ள கணக்கு தலைகீழ்.

கவுண்டர்_பக்கம்:
அன்லிமிடெட்காரங்களுக்கு மட்டும் டப்பா கிடையாதுன்னு விதி வெச்ச இடமும் உண்டு, அண்ணே. உள்ளே உக்காந்து எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடு, வெளியே எடுத்துட்டுப் போகாதேங்கற கொள்கை. காண்ட்ராக்ட்ல பாக்கணும்.

மிச்சமாறதைப் பத்தி இன்னொண்ணு. ஸ்வைப்பைத் தானமா கொடுக்க வழி இருக்கான்னு பாருங்க. யுசிஎல்ஏல 2010-ல மாணவர்கள் ஆரம்பிச்ச ஸ்வைப் அவுட் ஹங்கர்ங்கற அமைப்பு இப்போ அமெரிக்காவுல நிறைய காலேஜ்ல இருக்கு. நீங்க விட்ட ஸ்வைப் சாப்பாட்டுக்குத் தவிக்கற இன்னொரு மாணவருக்குப் போகும். எத்தனை கொடுக்கலாம்னு உச்சவரம்பு வைக்கறதுண்டு, மிச்சம் முழுசையும் தள்ளி விட்டுடலாம்னு நினைக்காதீங்க.

கணக்குப்பிள்ளை:
பொதுவா படிக்கறவங்களுக்காக ஒண்ணு: ஸ்காலர்ஷிப் காசுல பிளான் கட்டறவங்க அமெரிக்கா போறதா இருந்தா வரியைப் பாருங்க. டியூஷனுக்குப் போற ஸ்காலர்ஷிப்புக்கு வரி இல்லை, சாப்பாட்டுக்கும் ரூமுக்கும் போற பகுதிக்கு உண்டு. எஃப் விசாவுல (மாணவர் விசா) இருக்கறவங்களுக்கு அந்தப் பகுதியில 14 சதவீதம் பிடிச்சுக்கறதுதான் வழக்கம், நாடுகளுக்கு இடையில வரி ஒப்பந்தம் இருந்தா மாறும். "ஸ்காலர்ஷிப்தானே, பெருசா எடுத்துக்கலாம்"னு எடுத்தா அந்த 14 உங்க பையில இருந்து.

புதுவரவு:
சரி, டைனிங் ஆபீஸுக்கு இன்னிக்கு மெயில் போட்டேன், உடனே பதில் வந்துடுச்சு. டப்பா உண்டு, எல்லா பிளானுக்கும். செமஸ்டர் தொடங்கி ரெண்டு வாரம்வரை பிளானைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். அதுக்கப்புறம் கூட்டலாம், குறைக்க முடியாது. பிளாக் ஸ்வைப் அடுத்த செமஸ்டருக்கு நகராது.

கணக்குப்பிள்ளை:
அப்போ முடிவு தெளிவு. பிளாக்ல தொடங்குங்க. தீர்ந்தா கூட்டிக்கலாம். மேலே போக எப்பவும் கதவு திறந்திருக்கு, கீழே வர ரெண்டு வாரம்தான்.

பந்தி_முந்து:
அதே விதியை வெச்சு நான் சொல்றேன், அன்லிமிடெட்ல தொடங்குங்க. ரெண்டு வாரம் எவ்வளவு போறீங்கன்னு நிஜ எண்ணிக்கை கையில வரும், 13-ம் நாள் குறைச்சுக்கலாம். பிளாக்ல தொடங்கினா எண்ணி எண்ணித்தான் சாப்பிடுவீங்க, அந்த எண்ணிக்கையை வெச்சு எதையும் முடிவு பண்ண முடியாது.

கணக்குப்பிள்ளை:
முதல் ரெண்டு வாரம் எல்லாருக்கும் புதுசு, எல்லாரும் போவாங்க. அந்தக் கணக்கு மட்டும் நிஜமா? 13-ம் நாள்னு ஒண்ணு இருக்கறதே பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்காது.

புதுவரவு:
அன்லிமிடெட்லயே தொடங்கறேன், ரெண்டு வாரத்துக்கு மட்டும். 12-ம் நாளைக்கு போன்ல அலாரம் வெச்சாச்சு. வீட்லயும் சண்டை இல்லை.

கவுண்டர்_பக்கம்:
குறைக்கற ஃபார்ம் ஆன்லைன்லயா, நேர்லயான்னும் கேட்டு வெச்சுக்கோங்க. எங்க ஆபீஸ்ல கடைசி ரெண்டு நாள் வரிசை வாசல் தாண்டி நிக்கும், 4 மணிக்கு ஷட்டரை இறக்கிடுவாங்க.