சிக்னல் ஃபுல், ஆனா பில் ஓடலை: வயர்லெஸ் பிரிட்ஜ் அனுபவங்கள்

ரெண்டு கட்டிடத்தின் நெட்ஒர்க்கைக் கேபிள் இல்லாமல் ரேடியோவால் இணைப்பதுதான் வயர்லெஸ் பிரிட்ஜ். கட்டியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

கானாடுகாத்தான் கணினிக்காரன்:
விடுதியாக மாற்றிய பெரிய வீடு. கணக்குப் பிரிவு மட்டும் பின் தெருவில் இன்னொரு வீட்டில். நம்ம ஊர்ச் சுவர் கனம் தெரிந்ததுதான், அதனால் ரெண்டு மொட்டை மாடியிலும் 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ. சிக்னல் மைனஸ் 52 டிபிஎம் (பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு பலம்), குறை சொல்லவே முடியாது. ஆனால் காலையில் பாதி கணினியில் பில் ஓடும், பாதியில் ஓடாது. எந்தப் பாதி என்பது தினம் மாறும். ரேடியோவைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தபோது கணக்குப் பார்க்கிற ஆச்சி கீழே இருந்து, "தம்பி, மாடியில இருக்கிற டப்பாவை அணைச்சா எனக்கு நெட் வருதே!" என்றார்.

அப்புறம்தான், எந்த ஐபி (நெட்ஒர்க் முகவரி) எந்தக் கருவிக்கு என்று காட்டும் arp அட்டவணையைப் பார்த்தேன். 192.168.1.1-க்கு ஒரு தடவை ஒரு மேக் முகவரி (கருவியின் அடையாள எண்), அடுத்த தடவை வேறு. ரெண்டு பக்க ரௌட்டருக்கும் அதே ஐபி, ரெண்டிலும் டிஎச்சிபி (கணினிகளுக்குத் தானாக ஐபி கொடுப்பது) ஆன். யார் முந்துகிறாரோ அவர் கொடுக்கிற முகவரிதான். பின் தெரு ரௌட்டரில் டிஎச்சிபியை அணைத்து ஐபியை 192.168.1.2 ஆக்கியதும் சரி. அங்கே மோடம் மாற்றிய இன்டர்நெட் கம்பெனி ஆள் மட்டும் இன்றுவரை, "நான் எதையும் தொடலை சார்" என்கிறார்.

கோட்டையூர் மாடிவாசி:
எனக்கு வேப்பமரம். மாசியில் இலை உதிர்ந்து கிடந்தபோது லிங்க் கட்டினோம். எதிர்ப்பக்கக் கம்பம் பளிச்சென்று தெரிந்தது. சித்திரையில் போய் நின்றால் கம்பத்தையே காணோம், ஒரே பச்சை. மழை பெய்து இலை நனைந்தால் சுத்தமாகப் போய்விடும். கண்ணுக்குத் தெரிந்தாலும் போதாது, 1 கி.மீ. லிங்க்குக்கு நடுவில் ஃப்ரெனல் வட்டத்தின் (ரேடியோ அலை போகத் தடையில்லாமல் இருக்க வேண்டிய இடம்) ஆரமே சுமார் மூன்றரை மீட்டர். கம்பத்தை உயர்த்துங்கள். மரத்தை வெட்டச் சொன்ன முதலாளியிடம் நான் சண்டை போட்டது தனிக்கதை.

தேவகோட்டை ரஸ்தா:
மாடிவாசி அண்ணே, முதல் பதிவை முழுசாப் படிச்சீங்களா? மைனஸ் 52 சிக்னலுக்கும் மரத்துக்கும் என்ன சம்பந்தம்?

நான் பார்த்தது லூப் (ரெண்டு இடத்துக்கு நடுவே ரெண்டு வழி இருந்து டேட்டா சுற்றிச் சுற்றி வருவது). ஃபைபர் கேபிள் வந்ததும் "பேக்கப்புக்கு இருக்கட்டும்" என்று பிரிட்ஜையும் அதே சுவிட்சிலேயே விட்டுவிட்டார்கள். சுவிட்சின் எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் மின்னியது, தேர்ச் சீரியல் லைட் மாதிரி. ஒரு கேபிளை உருவியதும் நின்றது.

இனி கட்டுகிறவர்கள் கேளுங்கள். ரேடியோக்களுக்கு நிலையான ஐபி கொடுத்து, அதை மாடிக் கம்பத்திலேயே எழுதி ஒட்டுங்கள். ரெண்டு பக்கமும் டபிள்யூடிஎஸ் (மேக் முகவரிகளை அப்படியே கடத்தும் முறை) ஆன் செய்யுங்கள். வெறும் ஸ்டேஷன் மோடில் (ரேடியோ சாதாரண வைஃபை கருவி மாதிரி இணைவது) பின்னால் இருக்கிற கணினிகளின் மேக் முகவரி அப்படியே கடந்து போகாது, ஒரு கணினி வேலை செய்யும், பிரிண்டர் செய்யாது. சேனல் திடீரென்று மாறி லிங்க் ஒரு நிமிஷம் காணாமல் போனால் டிஎஃப்எஸ் சேனலா (ரேடாரும் பயன்படுத்தும் அலைவரிசையா) என்று பாருங்கள், ரேடார் என்று நினைத்தால் ரேடியோ தானாக ஒதுங்கிவிடும். 24 வோல்ட் ரேடியோவில் 48 வோல்ட் பாஸிவ் அடாப்டரை (எதிரே இருப்பது தாங்குமா என்று பார்க்காமல் மின்சாரம் அனுப்புவது) செருகாதீர்கள். கம்பத்துக்கு எர்த் போடுங்கள், ஐப்பசி இடி யாரையும் கேட்டு விழாது. முடிந்தால் ரெண்டு அலுவலகத்தையும் ஒரே நெட்ஒர்க்காக்காமல் ஒரு பக்கம் 192.168.10, மறுபக்கம் 192.168.20 என்று பிரித்து ரௌட் செய்யுங்கள் (ரௌட்டர் வழியாக இணையுங்கள்). இந்த டிஎச்சிபி சண்டையே வராது.

கோட்டையூர் மாடிவாசி:
படித்தேன் தம்பி. இங்கே அனுபவம்தானே கேட்டார்கள், அதைச் சொன்னேன். நீங்கள் வகுப்பே எடுத்துவிட்டீர்கள்.

கானாடுகாத்தான் கணினிக்காரன்:
ரஸ்தா அண்ணே, பிரித்து ரௌட் செய்தால், டிஎன்எஸ் (பெயருக்கு ஐபி சொல்வது) தனியாக அமைக்காதவரை பின் தெருவிலிருந்து பில் சர்வரைப் பெயர் சொல்லித் தேட முடியாது, ஐபிதான் போடணும். அதை ஆச்சிக்கு நீங்க வந்து சொல்லித் தர்றீங்களா?