பைற்றிலிருந்து எழுத்து: ‘வரியுரு வாசிப்பான்’ சரிவருமா?

வந்தாறுமூலையிலிருந்து

எல்லாருக்கும் வணக்கம். ஜாவா நிரல்மொழிப் பயிற்சிக் கைநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஒரு சொல் மட்டும் இடிக்கிறது. கோப்பிலிருந்து பைற்றுகளை, அதாவது 0 முதல் 255 வரையான எண்களை, வரிசையாகத் தரும் இன்புட்ஸ்ட்ரீமுக்குத் ‘துவிதத் தாரை’ (பைனரி ஸ்ட்ரீம்) என்று போட்டாயிற்று. அதிலிருந்து எழுத்து எடுத்துத் தரும் இன்புட்ஸ்ட்ரீம்ரீடருக்கு ‘வரியுரு வாசிப்பான்’ (வரியுரு என்பது கரெக்டர்) என்று இப்போது இருக்கிறது. ஒளியியல் வரியுரு வாசிப்பான், காந்த மை வரியுரு வாசிப்பான் என்று சாதனங்களின் பெயராகப் படித்து வந்த பிள்ளைகள் இதையும் ஒரு பெட்டி என்றே நினைப்பார்கள். வேறு சொல் தாருங்கள்.

கல்முனையிலிருந்து

பெட்டி என்று நினைப்பது சின்னப் பிழை சேர். ‘வாசிப்பு’ என்ற சொல் நடக்கிற வேலையையே மறைக்கிறது. வாசிப்பதைத் தாரையே செய்துவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் 0 முதல் 255 வரை ஓர் எண் தரும், பைற்று தீர்ந்துவிட்டால் –1 தரும். வரியுருவைப் பைற்றாக எழுதும் யூடிஎப் 8 முறையில் ‘க’ என்பது 224, 174, 149 என்ற மூன்று பைற்று. மூன்றும் சேர்ந்தால்தான் ‘க’.

பிள்ளைகள் பிழைவிடும் இடம் இது: 4096 பைற்றுப் பஃபரை (தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் இடத்தை) நிரப்பி, அந்தக் கட்டை அப்படியே சரமாக (எழுத்துத் தொடராக) மாற்றுவார்கள். முழுக்கத் தமிழாக இருந்தால் 4096இல் 1365 வரியுரு அடங்கி ஒரு பைற்று மீந்து நிற்கும். அதன் மற்ற இரண்டும் அடுத்த கட்டில். வெட்டுப்பட்ட இடத்தில் கறுத்த வைரத்துக்குள் கேள்விக்குறி விழும். பஃபரை 4095 ஆக்கினால் தீரும் என்பார்கள். ஓர் இடைவெளியோ புதுவரிக் குறியோ வந்தால் அது ஒற்றைப் பைற்று, கணக்குக் குழம்பிவிடும். மீந்ததைக் கையில் வைத்திருந்து அடுத்த கட்டோடு சேர்ப்பதுதான் ரீடரின் வேலை. பெயர் அந்தச் சேர்ப்பைச் சொல்லவேண்டும்.

காரைதீவிலிருந்து

முதலில் துவிதமும் தாரையும் எதற்கு? இருமம், ஓடை என்று நல்ல தமிழ் இருக்கிறதே. 1936இல் சென்னையில் நடந்த சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை வகித்த விபுலாநந்த அடிகள் பிறந்த ஊரிலிருந்து இதைக்கூடக் கேட்காமல் இருக்க முடியாது.

அடுத்தது, தேடுகிற சொல் நன்னூலிலேயே இருக்கிறது. எழுத்துக்கு இலக்கணம் சொல்லும்போது ‘அணுத்திரள் ஒலி’ என்கிறார் பவணந்தியார். அணுக்கள் திரண்டு எழுத்தாகின்றன. பைற்று அணு, வரியுரு திரள். ஆகவே ‘எழுத்துத்திரட்டல்’, செய்வது ‘எழுத்துத்திரட்டி’. திரள், திரட்சி, திரளை என்று ஒரே வேரில் எத்தனை சொல்! தயிரிலிருந்து வெண்ணெய் திரள்வதையும் அப்படித்தானே சொல்கிறோம்.

அக்கரைப்பற்றிலிருந்து

ஐயா, நன்னூலார் சொன்னது காதுக்குக் கேட்கும் ஒலியணு. இது கோப்பில் கிடக்கும் எண். அதை விட்டாலும், ‘திரட்டி’ என்றால் வலைப்பதிவுகளை ஓரிடத்தில் குவிப்பது என்று இணையத்தில் நிலைத்துவிட்டது.

‘எழுத்து’ என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. ‘மட்டக்களப்பு’ என்று எழுதிப் பாருங்கள். இலக்கணப்படி எட்டு எழுத்து: ம, ட், ட, க், க, ள, ப், பு. வரியுருக்களுக்கு எண் கொடுக்கும் யூனிக்கோட்டில் புள்ளிகள் மூன்றும் உகரக் குறியும் தனித்தனியாக நிற்பதால் 12 வரியுரு. பைற்றில் 36. ரீடர் திருப்பித் தருவது அந்தப் பன்னிரண்டை. ‘எழுத்து’ என்று பெயர் வைத்தால் எட்டு வரும் என்று பிள்ளை காத்திருக்கும். ‘பைற்றுக்கூட்டல்’ என்று வைக்கலாம். எதைக் கூட்டுகிறோம் என்பது பெயரிலேயே இருக்கிறது.

களுவாஞ்சிக்குடியிலிருந்து

தாரையை மாற்றவேண்டாம் ஐயா. கலியாண வீட்டில் தாரை வார்ப்பதை எல்லாரும் கண்டிருக்கிறார்கள். வார்த்த தண்ணீர் செம்புக்குத் திரும்பாது. வாசித்த பைற்றும் தாரைக்குத் திரும்பாது. ஓடையில் இந்தக் கருத்து இல்லை. துவிதம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, பரீட்சைத் தாளிலும் வரும்.

அக்கரைப்பற்று நானா சொன்ன ‘கூட்டல்’ எனக்கு நல்லாப் பிடிக்கிறது. முதலாம் ஆண்டில் “எழுத்துக்கூட்டி வாசி” என்றுதானே தொடங்குகிறோம்.

காரைதீவிலிருந்து

டீச்சர், எழுத்துக்கூட்டுவது எழுத்தைச் சொல்லாக்க. இது பைற்றை எழுத்தாக்க. படி வேறு. அதோடு கூட்டல் என்றவுடன் பிள்ளை கணக்கில் இறங்கிவிடும். 224, 174, 149ஐக் கூட்டி 547 என்று எழுதி வைக்கும்.

கல்முனையிலிருந்து

உள்ளே நடப்பதும் கணக்குத்தான் ஐயா. முதல் பைற்றில் 224ஐக் கழித்து, மீதியை 4096ஆல் பெருக்கவேண்டும்: 0. இரண்டாவதில் 128ஐக் கழித்தால் 46, அதை 64ஆல் பெருக்க 2944. மூன்றாவதில் 128ஐக் கழித்தால் 21. மூன்றையும் கூட்டினால் 2965. அதுதான் யூனிக்கோட்டில் ‘க’வின் எண். 547 என்று எழுதிய பிள்ளைக்கு இந்த மூன்று வரியைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினால் போதும்.

இன்னொன்று. கூட்டும் முறையின் பெயரை (யூடிஎப் 8 என்பதுபோல) வெளிப்படையாகக் கொடுக்கவேண்டும் என்று கைநூலில் தடித்த எழுத்தில் போடுங்கள். ஜாவா 18க்கு முந்திய பதிப்புகள் கணினியின் இயல்பு முறையைப் பிடித்துக்கொள்ளும். பழைய விண்டோஸ் கணினியில் அதே ‘க’, தலையில் கோடு போட்ட லத்தீன் எழுத்து, வட்டத்துக்குள் ஆர், ஒரு கரும்பொட்டு என்று மூன்றாக உடைந்து வரும்.

வந்தாறுமூலையிலிருந்து

நேரம் போகிறது. ‘பைற்றுக்கூட்டல்’ என்பதற்கு மூன்று பேர் சம்மதம், நானும் அதோடு. இன்புட்ஸ்ட்ரீம்ரீடர் ‘பைற்றுக்கூட்டி’ ஆகிறது. துவிதத் தாரை அப்படியே. மறுதிசைக்கு, வரியுருவைப் பைற்றாக உடைக்கும் வேலைக்கு, இன்னும் சொல் இல்லை. இந்தப் பதிப்பில் அதை விளக்கமாகவே எழுதிவிடுகிறேன்.

காரைதீவிலிருந்து

என் மறுப்பு மறுப்பாகவே இருக்கட்டும் தம்பி. சொல்லடைவில் ‘திரட்டல்’ என்றும் ஒரு வரி சேர்த்து, பைற்றுக்கூட்டலைப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் அனுப்பிய பஃபர்ப் படத்தில் மீந்து நிற்கும் பைற்று 174 என்று இருக்கிறது. 4096இன் கடைசியில் நிற்பது முதல் பைற்று. அச்சுக்குப் போகமுன் 224 என்று திருத்துங்கள்.