ஒன்லைன் கேமில் கூட்டாக ஆடிக் கிடைக்கிற பொருளை, அதாவது லூட்டை, பிரிக்கிறப்போ தகராறு எங்கே கிளம்புது? ஐந்து ஊர்க்காரர் சொல்வது:

ஹட்டன்:
பொஸ் (கூட்டாக அடிக்கிற பெரிய எதிரி) விழுந்து பொருளின் பெயர் திரையில் வந்த பிறகு விதி பேசவே கூடாது. அந்த நேரத்தில் யார் வாயைத் திறந்தாலும் நியாயம் அவரவர் கேரக்டர் பக்கம்தான் சாயும். ஆள் சேர்க்கும்போதே வாட்ஸ்அப் குரூப்பில் நாலு வரி போட்டுவிடுங்கள்: எந்த முறை, நீட் (தேவை என்று கேட்பது) யாருக்கு, பிந்தி வந்தால் என்ன, இன்டர்நெட் லைன் விழுந்தால் என்ன.

வவ் கிளாசிக்கில் (வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்டின் பழைய வடிவம்) மோல்டன் கோர் என்ற ரெய்டுக்கு, அதாவது கூட்டுத் தாக்குதலுக்கு, 40 பேர் போகலாம். ஒரு பொஸ் போடுவது சில பொருள்தான், அதனால் பலர் வெறுங்கையோடு திரும்புவார்கள். வெறும் ரோல், அதாவது குலுக்கல் என்றால், 1 முதல் 100 வரை விழும் அந்த எண்ணுக்கு யார் ஒழுங்காக வந்தார், யார் இன்றைக்குத்தான் எட்டிப் பார்த்தார் என்ற கணக்கே கிடையாது. அந்தக் கணக்குக்குத்தான் டிகேபி: வருகைக்குப் புள்ளி சேர்த்து, அந்தப் புள்ளியால் பொருளை ஏலம் கேட்பது. 1999இல் வந்த எவர்குவெஸ்ட் காலத்து முறை, இன்னும் ஓடுகிறது.

எளிமையான அளவு இது: நேரத்துக்கு வந்தால் 5, ஒவ்வொரு பொஸுக்கும் 2, கடைசிவரை நின்றால் 5. மோல்டன் கோரில் 10 பொஸ், ஆக ஒரு இரவுக்கு 30. பாதியில் கிளம்பினால் அரைப்பேர், அதாவது பாதி, 15. குறைந்த ஏலம் 10. வாராவாரம் கையிருப்பில் 10 சதவீதம் கழியுங்கள். இதை விட்டால் பழைய ஆட்கள் மலையாய்ச் சேர்த்து வைப்பார்கள், புதியவர் ரெண்டு மாதம் வந்தும் ஒன்றும் வாங்க முடியாது. 30 சேர்ந்து 10 சதவீதம் கழிந்துகொண்டே போனால் யார் கணக்கும் 300ஐத் தாண்டாது.

பண்டாரவளை:
அண்ணே, டிகேபில ஒரு ஓட்டை இருக்கு. ஒரே கிளாஸ்ல (கேரக்டர் வகைல) ரெண்டு பேர் கூட்டு வச்சுக்கிட்டு "நீ இதை எடு, நான் அடுத்ததை எடுக்கிறேன்"னு போட்டிக்கே வரமாட்டாங்க. எல்லாம் 10 புள்ளிக்கே போயிடும், அவங்க கையிருப்பு அப்படியே நிக்கும். ஏலத்தை பொதுச் சாட்டில வைக்காம மாஸ்டர் லூட்டருக்கு (பொருளைப் பிரிச்சுத் தர்றவருக்கு) விஸ்பர்ல, தனி மெசேஜா அனுப்பச் சொன்னா கொஞ்சம் அடங்கும். முழுசா நிக்கணும்னா விலையை முன்னாடியே கட்டிடணும்.

அதுக்கு ஈபிஜிபி. உழைப்புப் புள்ளியை வாங்கின பொருளோட புள்ளியால வகுக்கணும், வர்ற எண்தான் முன்னுரிமை. ஒருத்தர் 400/100, அதாவது 4. இன்னொருத்தர் 900/300, அதாவது 3. முதல் ஆளுக்குத்தான் பொருள். அது 100 புள்ளிப் பொருள்னா அவர் 400/200, 2க்கு இறங்கிடுவார், அடுத்த முறை மற்றவர் முன்னால. கீழ் எண்ணுக்கு எல்லாருக்கும் 100 மாதிரி ஒரு அடிப்படை வைக்க மறந்துடாதீங்க. இல்லாட்டி நேத்து வந்த ஆள் 50/10னு 5 வச்சுக்கிட்டு எல்லாரையும் தாண்டிடுவார்.

தலவாக்கலை:
எங்கள் பக்கத்துப் பெரிய பிரச்சினை முறையில் இல்லை, லைனில். ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேரமானால் இடி மழைதான். கரண்ட் போகும், ரவுட்டர் செத்துவிடும், போன் ஹொட்ஸ்பொட்டுக்கு மாறுவதற்குள் நீட்டா, கிரீட்டா (தேவையா, சும்மா ஆசையா) என்று கேட்கும் பெட்டி நேரம் முடிந்து மூடிவிடும். தெரிவு செய்யாதவர் பாஸ் (வேண்டாம்) சொன்னதாகவே ஆகிவிடும்.

அதனால் மழைக்காலத்தில் இந்தப் பெட்டி வைத்துப் பிரிக்கும் குரூப் லூட் வேண்டாம், மாஸ்டர் லூட்டர் வையுங்கள். அந்தப் பொறுப்பு லைன் நிலையாக இருக்கிற ஆளுக்கு, முடிந்தால் யுபிஎஸ் உள்ளவருக்கு. கில்ட் (ஆட்டக் குழு) தலைவர் என்பதற்காகத் தூக்கிக் கொடுக்காதீர்கள். கிளாசிக்கில் ரெய்டில் விழுந்த பொருளை அந்தப் பொஸ் விழும்போது இருந்தவர்களுக்குள் 2 மணி நேரம்வரை கைமாற்றலாம். பொஸ் விழுந்த பிறகு ஒருவருக்கு லைன் போனால், மாஸ்டர் லூட்டர் பொருளைத் தன் பையில் வைத்துக்கொண்டு அவர் திரும்பி வந்ததும் கொடுக்கலாம். பொஸ் விழுமுன்னே ஒருவர் போய்விட்டால் இந்த வழியை நம்ப வேண்டாம். அவருக்குப் புள்ளியை மட்டும் முழுசாகப் போடுங்கள். "10 நிமிடத்துக்குள் வந்தால் முழுப் புள்ளி" என்று எழுதி வைத்தால், வேண்டாத பொஸுக்கு வேண்டுமென்றே லைன் விழுகிறவர்களும் மாட்டுவார்கள். அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள்!

பதுளை:
ஜிடிகேபியை, அதாவது புள்ளிக்குப் பதில் கோல்டால் (கேம் காசால்) ஏலம் கேட்பதை, யாரும் சொல்லவில்லையே. லயத்தில் ஏலச்சீட்டு பிடித்தவர்களுக்கு விளக்கவே தேவையில்லை, பொருளை எடுப்பவர் தள்ளுகிற காசு மற்றவர்களுக்குப் பங்காகிறது, அவ்வளவுதான். ஏலத்தில் சேர்ந்தது 20,000 கோல்ட் என்று வையுங்கள். நடத்துநருக்கு 10 சதவீதம் போக 18,000. 40 பேருக்குத் தலைக்கு 450. பொருள் கிடைக்காதவரும் வெறுங்கையோடு போகமாட்டார், அதுதான் இதன் கவர்ச்சி. கெட்டதும் அங்கேதான். உண்மைக் காசு கொடுத்து கோல்ட் வாங்கி வருகிறவனோடு யாராலும் ஏலத்தில் நிற்க முடியாது. வவ் கிளாசிக்கின் சீசன் ஒஃப் டிஸ்கவரியில் 2024இல் கேமை நடத்தும் பிளிசார்ட் இதைத் தடை செய்துவிட்டது, ஆகவே எந்த சேர்வரில் ஆடுகிறீர்கள் என்று பார்த்து நடத்துங்கள். நடத்துநரின் பங்கை முதல் ஏலத்துக்கு முன்பே சொல்ல வேண்டும். கடைசியில் சொல்லும் 10 சதவீதம் திருட்டு மாதிரித்தான் தெரியும்.

மஸ்கெலியா:
இங்கே முக்கால்வாசிப் பேர் போனில் பப்ஜி ஆடுகிறவர்கள், அவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு? ஸ்குவாடில் 4 பேர், தரையில் கிடப்பதை முந்தினவர் எடுக்கலாம், சிஸ்டம் பிரித்துத் தராது. அதனால் பேச்சுதான் விதி. இறங்கும்போதே ஆளுக்கு ஒரு வீடு என்று பிரியுங்கள். நாலு பேரும் எம்416 துப்பாக்கி தூக்கினால் 5.56 தோட்டா பற்றாது. ரெண்டு பேர் ஏகேஎம் எடுத்து 7.62க்குப் போனால் ரெண்டு பக்கமும் தாராளம். 8எக்ஸ் ஸ்கோப் கிடைத்தால் தூரத்தில் நின்று சுடுகிறவருக்கு.

லெவல் 3 ஹெல்மெட் தலையில் படும் அடியில் 55 சதவீதத்தைக் குறைக்கும், லெவல் 2 என்றால் 40. இதைக் கண்டெடுத்தவருக்கே விட்டுவிடுவது பொதுவழக்கம். என்னைக் கேட்டால் முன்னால் பாய்கிறவர் தலைக்குத்தான் போக வேண்டும், கடைசியில் வருகிறவருக்கு அது அலங்காரம். ஃபர்ஸ்ட் எய்டை ஒருவர் 8 குவித்து இன்னொருவர் ஒன்றுமில்லாமல் ஓடுவதுதான் அடிக்கடி நடப்பது. தொகையைக் குறைத்து ட்ரொப் பண்ணலாம், ஆளுக்கு 3 வரும்வரை நாலாவதை யாரும் வைத்துக்கொள்ளாதீர்கள். செத்தவனின் பெட்டிக்கு அவனை வீழ்த்தியவர் முதலில். அவர் குனிந்து எடுக்கும்போது மற்ற மூவரும் வெளியே பார்த்து நிற்க வேண்டும், நாலு பேரும் ஒரே பெட்டியில் மொய்த்தால் ஒரு கிரனேட் போதும்.