புதுப்பிப்பு: வெளியே போனால் அழுகை, ராத்திரி பிரார்த்தனையில் சண்டை என்று எழுதியிருந்தேனே

மூன்று வாரம் முன்னால் புலம்பியிருந்தேன்: விடுமுறையில் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போனாலும் அழுகையில் முடிகிறது, ராத்திரி சேர்ந்து பிரார்த்தனை செய்ய உட்கார்ந்தால் பெரியவள் நெளிகிறாள், சின்னவன் ஓடுகிறான், கடைசியில் எனக்குக் கோபம்தான் மிஞ்சுகிறது என்று. தூக்கத்தைக் கவனியுங்கள் என்று பலர் சொன்னீர்கள். அதுதான் விஷயம். 3 முதல் 5 வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளைக்கு 10 முதல் 13 மணி நேரம் வேண்டும். என் 4 வயதுக்காரனுக்கு 9 கூடத் தேறவில்லை, அதிலும் அவன் தூங்குகிற மதிய நேரத்தில்தான் நான் வெளியே இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

இப்போது காலையிலேயே கிளம்பி, நடக்கிற தூரத்தில் இருக்கும் பூங்காவோடு நிறுத்திக்கொண்டு, மதியத்துக்குள் திரும்பிவிடுகிறோம். போன வாரம் அரை மணி நேரம் குந்தி உட்கார்ந்து எறும்பு வரிசையைப் பார்த்தான். ஒரு எறும்பு ஏதோ பூச்சியின் இறக்கையைத் தூக்கிக்கொண்டு தள்ளாடியது. "அம்மா, அதுக்கு வழி விடு" என்று என் காலை நகர்த்தினான்.

அப்புறம் பிரார்த்தனை. நீளமாகச் சொல்வதை விட்டுவிட்டோம், விளக்கை அணைத்துப் படுத்தபின் ஆளுக்கு ஒரு நன்றி, ஒரு வேண்டுதல், அவ்வளவுதான். அந்த எறும்பு வீடு போய்ச் சேரணும் என்று அவன் வேண்டினான். பெரியவள், "இன்னிக்கு அம்மா கத்தல, நன்றி" என்றாள். இருட்டில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சண்டை இன்னும் வாரத்தில் இரண்டு நாள் உண்டு. மழை நாளில் என்ன செய்கிறீர்கள் என்று யாராவது சொல்லுங்கள்.