பழைய லாரியின் புது டேஷ்போர்டு: புதுப்பிப்பு

தேக்குப் பலகையில் நானே செய்த டேஷ்போர்டில் பொருத்திய டெம்பரேச்சர் மீட்டரின் முள், எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகும் அசையவில்லை என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். மீட்டரையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன், பிழை என்னுடையதுதான். எஞ்சினின் சூட்டை மீட்டருக்குத் தெரிவிக்கும் ஒற்றை வயர் சென்சார், தன் மரையின் வழியாகவே எஞ்சின் பிளாக்கிலிருந்து எர்த் (மின்சாரம் திரும்பும் வழி) பெறும்; தண்ணீர் கசியக் கூடாதென்று நான் அந்த மரையில் ஐந்தாறு சுற்று சுற்றிய வெள்ளை டெஃப்லான் டேப் அந்தத் தொடர்பையே துண்டித்துவிட்டது. டேப்பை உரித்து, மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து முடுக்கியதும் முள் எழுந்தது. மரப்பலகை மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், மூன்று மீட்டர்களின் எர்த்தையும் ஒரே கறுப்பு வயரில் கோத்துச் சேசிஸில் இறக்கிவிட்டேன். நேற்று செங்கோட்டையிலிருந்து சுமையோடு புளியரை எஸ் வளைவில் ஏறியபோது 90 டிகிரியைத் தொட்ட முள், ஆரியங்காவு தாண்டிய இறக்கத்தில் 80க்குத் திரும்பியது. ஆயில் பிரஷர் மீட்டரின் விளக்கு மட்டும் இன்னும் எரியவில்லை.