டிக் போட்டது ஒரு வீடு, டிக் தெரிவது இன்னொரு வீடு: ரீசைக்ளர்வியூ, எஸ்க்யூலைட் சந்தேகம்

கேள்வி

வணக்கம். அப்பா 140 வீடுகளுக்குக் காலையும் மாலையும் பால் ஊற்றுகிறார். அவருக்காகக் காட்லின் மொழியில் ஒரு ஆண்ட்ராய்டு ஆப் எழுதினேன். போனிலேயே இருக்கும் எஸ்க்யூலைட் டேட்டாபேஸில் இரண்டே டேபிள்: வீடுகள், பதிவுகள். லிஸ்டைக் காட்டுவது ரீசைக்ளர்வியூ, ஒரு வரிக்கு ஒரு வீடு. பெயர், இந்த மாதம் எத்தனை லிட்டர், வலது ஓரத்தில் ஒரு செக்பாக்ஸ். பால் ஊற்றியதும் அப்பா டிக் போடுவார், பதிவுகளில் ஒரு ரோ (டேபிளின் ஒரு வரி) சேரும். டிக்கை எடுத்தால் அந்த ரோ அழியும்.

முதல் இரண்டு மாதம் நன்றாக ஓடியது. இப்போது ஒரு வருடமாகி, பதிவுகள் ஒரு லட்சத்தை நெருங்கிவிட்டன. லிஸ்ட் திக்கித் திக்கி நகர்கிறது. விடியற்காலை இருட்டில், ஒரு கையில் கேனோடு நிற்பவருக்கு அது எவ்வளவு சிரமம் என்று நானே கூடப் போய்ப் பார்த்தேன். இன்னொன்று, மேலே டிக் போட்டுவிட்டுக் கீழே தள்ளினால் இன்னும் போகாத வீடுகளிலும் டிக் தெரிகிறது.

ஒவ்வொரு வரியையும் நிரப்பும் ஆன்பைண்ட்வியூஹோல்டருக்குள் நான் செய்வது இது: அந்த வீட்டின் லிட்டரைக் கூட்ட டேட்டாபேஸுக்கு ஒரு குவெரி (கேள்வி). இந்த வேளை ஊற்றியாயிற்றா என்று பார்க்க இன்னொரு குவெரி. ஊற்றியிருந்தால் செக்பாக்ஸை ட்ரூ (டிக் போட்ட நிலை) ஆக்குகிறேன். கடைசியில், டிக் மாறும்போது ஓடி ரோவைச் சேர்க்கும் அல்லது அழிக்கும் செக்ட்சேஞ்ச் லிசனரை மாட்டுகிறேன். லிஸ்டைப் பகுதி பகுதியாக ஏற்றும் பேஜிங் 3-க்கு மாறினால் சரியாகுமா?

போன மாதம் ஒரு வீட்டு அக்கா, "நாங்க நாலு நாள் ஊர்லயே இல்ல, பால் மட்டும் எப்படிக் கணக்குல வருது?" என்று கேட்டாராம். அது அப்பா கை பட்டு விழுந்த டிக் என்று நினைக்கிறேன். அப்பாவிடமும் அப்படித்தான் சொன்னேன்.

முதல் பதில்

பேஜிங் வேண்டாம் தம்பி. லிஸ்டில் வருவது 140 வரிதான், அது மெமரிக்கு ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு வரி திரைக்கு வரும்போதும், திரையை வரையும் மெயின் த்ரெட்டில் இரண்டு குவெரி ஓடுகிறதே, அதுதான் சிக்கல். தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸ் இல்லையென்றால் ஒவ்வொரு குவெரியும் ஒரு லட்சம் ரோவையும் புரட்டும். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பதோ 16 மில்லிவிநாடி.

வீடுகளோடு பதிவுகளை லெஃப்ட் ஜாயின் (LEFT JOIN) செய்து இணைத்து, வீட்டு எண்ணால் குரூப் பை (GROUP BY) போட்டு, லிட்டரைச் சம் (SUM) செய்து கூட்டுங்கள். ஒரே குவெரி. பின்னணி த்ரெட்டில் ஓட்டி, குவெரியின் விடையைத் தரும் கர்சரிலிருந்து ஒரு சாதாரண லிஸ்டுக்கு மாற்றி, கர்சரை அங்கேயே மூடிவிடுங்கள். திரைக்கு வரிகளைத் தரும் அடாப்டருக்கு அந்த லிஸ்ட் மட்டும் போதும். ஓர் எச்சரிக்கை: 'இந்த மாதம்' என்ற நிபந்தனையை வேர் (WHERE) பகுதியில் எழுதாதீர்கள், ஆன் (ON) பகுதியில் எழுதுங்கள். வேரில் எழுதினால், இந்த மாதம் பால் வாங்காத வீடு லிஸ்டிலிருந்தே காணாமல் போகும்.

டிக் விஷயம் எளிது. மேலே போன வரியின் வியூவைத்தான் ரீசைக்ளர்வியூ கீழே திரும்பப் பயன்படுத்துகிறது. 'ஊற்றவில்லை' என்றால் ஃபால்ஸ் (டிக் இல்லை) என்றும் நீங்களே எழுத வேண்டும்.

இரண்டாம் பதில்

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் அந்தக் கடைசி வரியை மட்டும் இப்படியே சேர்த்துவிடாதீர்கள், கணக்கு இன்னும் கெடும்.

நீங்கள் லிசனரைக் கடைசியில்தான் மாட்டுகிறீர்கள். அதாவது செக்பாக்ஸை ட்ரூ ஆக்கும் நொடியில் அதில் இருப்பது பழைய வீட்டின் லிசனர். 90-ஆம் வீட்டுக்கு இன்னும் பால் போகவில்லை, அப்பா மேலே தள்ளுகிறார், அதே வியூ பால் ஊற்றிய 12-ஆம் வீட்டுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ட்ரூ ஆக்கியதும் 90-ஆம் வீட்டின் லிசனர் ஓடும், அந்த வீட்டுக்கு ஒரு ரோ சேரும். யாரும் தொடவே இல்லை. அன்று பூட்டிக் கிடந்த வீடாக இருந்தால் அந்த ரோ அப்படியே பில்லுக்குப் போகும். ஃபால்ஸும் எழுதினீர்கள் என்றால், உண்மையிலேயே பால் வாங்கிய வீட்டின் ரோ இதே வழியில் அழியும்.

பைண்ட் செய்ய (வரியை நிரப்ப) ஆரம்பிக்கும்போதே லிசனரை நல் (null, அதாவது காலி) ஆக்குங்கள், அப்புறம் டிக்கின் நிலை, அப்புறம் புது லிசனர். இல்லாவிட்டால் செக்ட்சேஞ்சை விட்டுவிட்டு கிளிக் லிசனர் வையுங்கள். அது விரல் பட்டால்தான் ஓடும். பதிவுகளில் வீட்டு எண், தேதி, வேளை மூன்றுக்கும் சேர்த்து ஒரு யூனிக் இன்டெக்ஸ் போடுங்கள். ஒரே வேளைக்கு இரண்டு ரோ விழாது, கூட்டல் குவெரியும் வேகமாகும்.

பதிவில் நேரம் சேமிக்கிறீர்களா? ஒரே விநாடியில் ஒன்றுக்கு மேல் ரோ இருக்கிறதா என்று பாருங்கள். மனிதக் கையால் அப்படி டிக் போட முடியாது.

கேட்டவர்

பார்த்தேன். நேரத்தால் குரூப் செய்து எண்ணியதில் 61 இடங்களில் ஒரே விநாடியில் மூன்று, நான்கு ரோ இருக்கின்றன. அந்த அக்கா வீட்டின் நான்கு நாளும் அதில் இருக்கின்றன, நான்குமே மாலை நேரம். காலையில் எல்லாம் சரியாக இருக்கிறது.

லிசனரை நல் ஆக்கிவிட்டேன், ஜாயினுக்கும் மாற்றிவிட்டேன், லிஸ்ட் வழுக்கிக்கொண்டு போகிறது. ஆனால் இன்று முழுக்க உட்கார்ந்து செய்தது வேறு வேலை. நல்லவேளையாக அப்பா பழைய நோட்டில் எழுதுவதை நிறுத்தவில்லை. அந்த 61 இடங்களையும் நோட்டோடு ஒத்துப்பார்த்து, தப்பானவற்றை ஒவ்வொன்றாக அழித்தேன்.

அது அவர் கை பட்டு விழுந்த டிக் இல்லை என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். நான்கு லிட்டர் காசை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நாளைக் காலை முதலில் அக்கா வீட்டுக்குத்தான் போகிறாராம்.